முதுகுக்குப் பின்னால் ஐந்து பங்கு

இருமினால் றொபின்சன் மாமா. குடையின் நுனி நிலத்தில் தட்டினால் றஜனி ரீச்சர். கைபேசி பாடினால் சுபேசன் அண்ணை. ‘மாதாவே’ என்று பெருமூச்சு வந்தால் மதலேனா மாமி. இதில் பாடமாக்குவதற்கு ஒன்றும் இல்லை, வாய்ப்பாட்டைவிடச் சுலபம். கஷ்டம் என்னவென்றால், இவ்வளவும் காதில் விழுந்தும் விழாதவள் மாதிரி நிற்பது. முகத்தை ஒருவரும் பார்க்கப்போவதில்லை. முதுகைத்தான் பார்ப்பார்கள். எப்படி வைத்துக்கொண்டால் அது ஒன்றும் தெரியாத முதுகு மாதிரி இருக்கும்?

நிருஜா கிணற்றடியில் பல் விளக்கியபடி தோள்களைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள். பிறகு நிமிர்த்திப் பார்த்தாள். தளர்ந்த முதுகுதான் கூடுதல் நல்ல பிள்ளையின் முதுகு என்று பட்டது.

அன்று பெரிய சனி. தவக்காலம் முழுவதும் இறைச்சி தொடாமல் இருந்த நெடுந்தீவின் கோயில் ஒழுங்கையில், விடிந்தால் வரும் உயிர்த்த ஞாயிறுக்கென்று ஐந்து வீடுகள் கூட்டுச் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கியிருந்தன. மார்கழியில் இயேசு பிறந்த நத்தாருக்கும் இதே ஐந்து வீடுகள், இதே ஏற்பாடுதான். கதிர்காமு கிடாயை உரித்து, வெட்டி, வள்ளம் மூடுகிற நீலப் படங்கை விரித்து அதில் ஐந்து பங்காகக் குவிப்பார். ஈரலில், தொடையில், நெஞ்செலும்பில், குடலில் எல்லாவற்றிலும் எல்லாப் பங்குக்கும் ஒவ்வொரு துண்டு போடுவார். கூலியாகத் தலையும் தோலும் அவருக்கு. அவர் அடுத்த குறிச்சிச் சைவக்காரர், பங்கில் இல்லாதவர், அதனால் அவர் கை நடுநிலையான கை. ஆனாலும் எந்தக் குவியல் எந்த வீட்டுக்கு என்பதை அவர் சொல்வதில்லை. அதற்கு ஒரு பிள்ளை வேண்டும்.

பிள்ளை படங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து நிற்கும். கதிர்காமு ஒரு குவியலைக் கத்தி நுனியால் காட்டி, “இது ஆருக்கு?” என்பார். பிள்ளை ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்கு அந்தப் பங்கு. அதற்குமேல் கதை இல்லை. பிள்ளைக்குக் கள்ளம் தெரியாது, பிள்ளை வாயில் வருவது கடவுள் வாயில் வருவது என்று எல்லாரும் சொன்னார்கள்.

சொன்ன வாய்களேதான் பிறகு ஒவ்வொன்றாகத் தனியே வந்து கள்ளத்தை அவளுக்குப் படிப்பித்தன.

நத்தாருக்கு முதல் முதலில் வந்தவர் றொபின்சன் மாமா. ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருப்பவர். “கிடாய் எங்கை நிக்குதெண்டு தேடித் திரிஞ்சு, பேசிப் பிடிச்சது ஆர்? நான். அலைஞ்சவனுக்குக் கொஞ்சம் நல்லாய் வந்தால் பிழையே?” என்று கேட்டு ஒரு கிறீம் பிஸ்கற் பைக்கற்றை அவள் கையில் வைத்தார். அடுத்தது சுபேசன் அண்ணை. கலியாணம் கட்டிய புதுசு. “அவவின்ரை முதல் பெருநாள் எங்கட வீட்டிலை. நல்ல துண்டு வந்தால் அடுத்த பெருநாளுக்குத் தாய் தேப்பனும் வருவினம். ஒண்டை விட்டால்தானே ஒண்டு வரும்” என்று சொல்லித் தன் கைபேசியில் விளையாடக் கொடுத்தார். மதலேனா மாமி, தொடைப்பங்கு எப்போதும் தங்கள் வீட்டுக்குத்தான் வந்ததென்றும், தன் அப்பு காலத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லையென்றும் சொல்லி, நிருஜாவின் புலமைப்பரிசில் சோதினைக்காக ஒரு செபமாலை சொல்வதாக வாக்குக் கொடுத்தாள்.

றஜனி ரீச்சர்தான் அவளை யோசிக்க வைத்தவர். அந்தத் தவணைதான் அவர் வகுப்பில் ஒரு பப்பாப்பழத்தை வெட்டிச் சமபங்கு என்றால் என்ன என்று காட்டியிருந்தார். “அம்மாவுக்கு வாயிலை பல்லில்லை. எலும்புப் பங்கு எங்களுக்கு வந்தால் வீண்தானே? இது கள்ளம் இல்லை, பிள்ளை. ஆருக்குத் தேவையோ அவைக்குக் குடுக்கிறது. அதுதான் நியாயமான பங்கீடு.” ரீச்சர் தந்தது புதுக் கொம்பாஸ் பெட்டி. அந்தப் பெட்டியின் மூடிக்குள் நிருஜா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அலைந்தவருக்கு ஒரு நியாயம், வரப்போவதை நினைத்தவருக்கு ஒரு நியாயம், முந்தி இருந்தவருக்கு ஒரு நியாயம், பல்லில்லாதவருக்கு ஒரு நியாயம். எல்லா நியாயமும் சரியாகத்தான் இருந்தது. கிடாய்தான் போதாமல் இருந்தது.

அவள் ஒருவருக்கும் ஓம் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டினாள். தலை ஆட்டுவது ஓம் அல்ல என்பது அவளுக்கும் தம்பி டிலோனுக்கும் இடையில் ஏற்கனவே முடிவான விஷயம். நத்தாரன்று மதிலைப் பார்த்துக்கொண்டு நின்று, பின்னால் எழுந்த இருமல், குடை, பாட்டு, பெருமூச்சு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒழுங்கைக் கடைசியிலிருந்து கோயில்வரை வீடுகள் இருக்கிற வரிசையில் பெயர்களைச் சொன்னாள். கத்தி எதைக் காட்டியதோ அது வந்தது. நல்ல பங்கு கிடைக்காத ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க முடியாது. என்ன என்று கேட்பது? ஒவ்வொருவரும் தாங்கள் போதிய அளவு பலமாக இருமவில்லை, தட்டவில்லை என்றே எண்ணிக்கொண்டார்கள் போலும். இந்தப் பெருநாளுக்குப் பிஸ்கற் பைக்கற் இரண்டாகியிருந்தது. மதலேனா மாமி ஒன்பது நாள் செபம், ஒரு நவநாள் முழுவதையும் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

இவ்வளவிலும் நிருஜாவுக்கு ஒரு பெருமை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்காத வீடு ஒன்று இருந்தது. அது அவளுடைய வீடு. நத்தாருக்கு எலும்பும் சவ்வும் கூடிய பங்கு வந்தபோது அம்மா கைகளைக் கழுவிக்கொண்டு, “வந்தது வந்ததுதான்” என்றாள். அந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிருஜா எல்லாருடைய இருமலையும் அளந்தாள்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்தபோது டிலோன் குசினி வாசலில் றொபின்சன் மாமாவின் பிஸ்கற்றோடு காத்திருந்தான். அவன் நேசறிக்குப் போகிறவன். அவர்களுடைய சட்டம் பழையது: ஒருவர் உடைப்பது, மற்றவர் எடுப்பது. உடைக்கிறவருக்கு மிஞ்சியதுதான் என்பதால் உடைக்கிற கை தானாகவே நேராகிவிடும். பெரியவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். டிலோன் மட்டும் சட்டத்தில் ஓர் ஓட்டை கண்டுபிடித்திருந்தான். உடைத்ததும் பெரிய துண்டை நக்கிவிடுவான்.

“நீ எடு,” என்றான், நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு.

“நக்கினதை ஆரடா எடுக்கிறது?”

“அப்ப மற்றதை எடு. நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

அவள் மற்றதை எடுத்தாள். அவன் கிறீமைப் பல்லால் சுரண்டிக்கொண்டு, “அக்கா, இண்டைக்குச் சுவாமி வருவாரோ?” என்று கேட்டான்.

“எங்கை?”

“பங்கு பிரிக்க.”

“கிடாய்ப் பங்குக்கு அவர் ஏன் வாறார்?”

“அவர்தானே பங்குச் சுவாமி.”

அவள் சிரித்தாள். ஒரு கோயிலுக்கும் அதன் சனத்துக்கும் பங்கு என்று பெயர், அந்தப் பங்கைப் பார்க்கிறவர் என்பதால் அவர் பங்குச் சுவாமி, இந்தப் பங்கு வேறு, அந்தப் பங்கு வேறு என்று சொல்லிக்கொடுத்தாள். டிலோன் நம்பவில்லை. “பூசையிலை அவர்தானே அப்பத்தை உடைச்சுக் குடுக்கிறவர்,” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, “நக்கிறேல்லை,” என்று சேர்த்துக்கொண்டான்.

அம்மா மேரிறோஸ் சீப்போடு வந்தாள். அவள் பிள்ளைக்குத் தலை பின்னுவது எப்போதும் குசினிக் குந்தில் இருந்துதான். நிருஜா கீழே, இரண்டு முழங்கால்களுக்கு நடுவில். அன்று மயிரை வழக்கத்தைவிட இறுக்கி இழுத்தாள்.

“நிரு.”

“ம்.”

“நாளைக்கு அப்பாவோடை சம்மாட்டியும் வாறார்.”

தெரிந்த கதைதான். அப்பா மண்டைதீவில் ஒரு சம்மாட்டியின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அந்த மனிதர் மனைவியின் ஊர்க்கோயில் என்று நெடுந்தீவுக்குப் பூசைக்கு வருகிறார். மத்தியானச் சாப்பாடு இங்கே. அவர் புது வள்ளம் ஒன்று இறக்கப் போகிறார். அதற்கு ஓட்டியாக யாரைப் போடுவது என்று இன்னும் வாய் திறக்கவில்லை. அப்பா இவ்வளவு காலமும் அடுத்தவன் ஓட்ட, வலை இழுத்தவர். ஓட்டி என்றால் பங்கு கூட. கடலிலும் பங்குதான்.

“நத்தாருக்கு வந்த பங்கு ஞாபகம்தானே? சாப்பாட்டுக் கோப்பையிலை எலும்பை வைச்சுக்கொண்டு, இவரை நம்பி வள்ளத்தைத் தாங்கோ எண்டு அந்த மனிசனிட்டைக் கேக்கேலுமே?”

சீப்பு நின்றிருந்தது.

“நான் டிலோனை இறைச்சியிலை மொய்க்கிற இலையான் கலைக்கச் சொல்லுவன். வேப்பங்கொப்பு குடுத்துப் பக்கத்திலை இருத்தி வைக்கிறன். ‘டிலோன், இலையானைக் கலையடா’ எண்டு சொல்லுவன். அப்ப...”

“அப்ப?”

அவளுக்கு விளங்கியிருந்தது. அம்மா அதை முழுவதும் சொல்லட்டும் என்று இருந்தது. முழுவதும் சொன்னால் ஒருவேளை அம்மாவுக்கே அது கேட்கும்.

“அப்ப நீ விளங்கிக்கொள்ளு,” என்றாள் அம்மா. றிபனைச் சுற்றி முடிச்சை இறுக்கினாள்.

நிருஜா திரும்பிப் பார்க்க விரும்பினாள். பின்னல் அம்மாவின் கையில் இருந்தது. முகத்தைப் பார்க்காமல் கேட்பதற்கு இதைவிடத் தோதான நேரம் வேறு இல்லை என்பதை அம்மாவும் யோசித்திருப்பாளோ? றொபின்சன் மாமா பிஸ்கற் தந்தார். ரீச்சர் பெட்டி தந்தார். அம்மா ஒன்றும் தரவில்லை, தர வேண்டியதும் இல்லை. எல்லாவற்றையும் ஏற்கனவே தந்துவிட்ட ஆள் கேட்கும்போது தலையை ஆட்டித் தப்ப முடியாது. அவள் ஆட்டவும் இல்லை. பின்னல் அம்மாவின் கையில் இருந்தபடியால் தலை ஆடியதா இல்லையா என்று அம்மா அறிந்திருப்பாள்.

காலை வெயில் ஏறுமுன் கதிர்காமு வேலையை முடித்திருந்தார். மதலேனா மாமியின் வளவில், முருகைக்கல் அடுக்கிய மதிலோரம் படங்கு விரித்திருந்தது. நிருஜாவை மதிலைப் பார்க்க நிறுத்தினார்கள். அவள் மூக்குக்கு நேரே ஒரு கல்லில் பூப்போலக் கோடுகள் இருந்தன. அதன் நடுவில் ஓர் எறும்பு.

“எல்லாம் சரியாய்ப் பிரிச்சிருக்கோ, கதிர்காமு அண்ணை?” றொபின்சன் மாமாவின் குரல்.

“கண் இருக்கிறவை பாருங்கோவன்.”

பார்த்தார்கள். திரும்பாமலே நிருஜாவுக்குத் தெரியும், கெடுவது இந்த இடத்தில்தான். கதிர்காமு பிரிக்கும்போது ஐந்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறகு ஒருவர் ஒரு குவியலைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பார். அவர் பார்ப்பதை மற்றவர் பார்ப்பார். அதில் ஏதோ இருக்கிறது என்று மூன்றாமவர் குனிவார். அவ்வளவுதான், அது நல்ல பங்காகிவிடும். மற்ற நாலும் இறைச்சியாகவே இருக்கும்.

“கதைக்காமல் நில்லுங்கோ எல்லாரும்,” என்றார் ரீச்சர், வகுப்பில் சொல்வதுபோல. “பிள்ளைக்கு ஒண்டும் கேக்கக் கூடாது.”

“தொடங்கிறன். இது ஆருக்கு?”

சத்தமே இல்லை. ஒருவருக்கும் வேண்டாத குவியல். இந்தமுறை கோயில் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று நேற்றுச் சிலுவைப்பாதையில் நடக்கும்போதே அவள் தீர்மானித்திருந்தாள். கோயிலுக்குக் கிட்ட இருப்பது கடை.

“றொபின்சன் மாமாவுக்கு.”

பின்னால் ஓர் இருமல் கேட்டது. இது உண்மையான இருமல்.

“நல்லது. இது ஆருக்கு?”

குடை நிலத்தில் குத்தியது. பிறகு இன்னும் ஒருமுறை, கல்லில். கைபேசி ஒரு குத்துப்பாட்டின் நடுவிலிருந்து தொடங்கி, “சொறி சொறி, ஆரோ எடுக்கிறாங்கள்,” என்ற சுபேசன் அண்ணையின் குரலோடு தொடர்ந்து பாடியது. “மாதாவே, என்ன வெக்கை,” என்றாள் மதலேனா மாமி. எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தன்னுடையது மட்டும் சைகை, மற்றவருடையது வெறும் சத்தம். எல்லாவற்றையும் கேட்டது மதிலைப் பார்த்து நின்ற அவள் ஒருத்திதான்.

“டிலோன், இலையானைக் கலையடா.”

அம்மாவின் குரல் அவ்வளவு சாதாரணமாக இருந்தது.

“இலையான் ஒண்டும் இல்லை, அம்மா,” என்றான் டிலோன்.

“இருக்கு. கலை.”

“எங்கை? நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். ஒண்டுகூட வரேல்லை.”

“சொன்னதைச் செய்யடா!”

கொப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. இல்லாத இலையானை அவன் மனவருத்தத்தோடு கலைத்தான்.

நிருஜா எறும்பைப் பார்த்தாள். கடைக்கு அடுத்தது எந்த வீடு? தங்களுடைய வீடு. வரிசையில் அடுத்த பெயர் மேரிறோஸ். நேற்றே அது அப்படித்தான் இருந்தது. அம்மா சீப்போடு வந்திராவிட்டால், இப்போது அவள் வாயைத் திறந்து அம்மாவின் பெயரைச் சொல்லியிருப்பாள். நல்ல பங்கு நேராக வீட்டுக்கு வந்திருக்கும். அம்மா, “வந்தது வந்ததுதான்” என்றிருப்பாள். சம்மாட்டியின் கோப்பையில் தொடைத்துண்டு விழுந்திருக்கும். அப்பா வள்ளம் ஓட்டியிருப்பார்.

இப்போதும் சொல்லலாம். அதே பெயர், அதே பங்கு. வரிசைக்காகச் சொன்னதா, இலையானுக்காகச் சொன்னதா என்று ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அம்மா இலையானுக்காக என்றுதான் எண்ணுவாள். அடுத்த நத்தாருக்கும் இலையான் வரும். தனக்காவது தெரியுமா என்று நிருஜா தேடிப் பார்த்தாள். காலையில் அவ்வளவு தெளிவாக இருந்த வரிசை, அம்மாவின் கைபட்டு, நக்கிய பிஸ்கற் போல ஆகியிருந்தது. எடுக்கவும் முடியவில்லை. அது தன்னுடையதில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

“பிள்ளை, நித்திரையோ? இது ஆருக்கு?”

கேட்காத ஆள் ஒருவராவது இருக்கிறாரா?

“பங்குச் சுவாமிக்கு,” என்றாள்.

கைபேசி நின்றது.

“ஆருக்கு?”

“நான் சொன்னனான்!” டிலோன் கொப்போடு துள்ளினான். “நான் காலமையே சொன்னனான் அக்காவுக்கு, அவர்தான் பங்குச் சுவாமி எண்டு!”

முதலில் சிரித்தது கதிர்காமு. பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

“சுவாமி இதிலை சேரேல்லையடி, பிள்ளை,” என்றார் றொபின்சன் மாமா.

“அவருக்குக் கொலஸ்ட்ரோல்,” என்றாள் மதலேனா மாமி. “இறைச்சி கண்ணிலையும் காட்டக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். நான்தானே அவருக்குச் சமைச்சு அனுப்பிறனான்.”

“அப்ப அந்தப் பங்கு உங்கட குசினிக்குத்தான் வரும் எண்டு சொல்லுங்கோ, மாமி,” என்றார் சுபேசன் அண்ணை.

“என்ன கதையடா கதைக்கிறாய், பெரிய சனியும் அதுவுமாய்!”

“ஏன் மாமி, உள்ளதைத்தானே சொன்னனான்.”

“பிள்ளை பிழைவிட்டுட்டா,” என்றார் ரீச்சர். “சின்னப் பிள்ளைதானே. திருப்பிக் கேளுங்கோ, கதிர்காமு அண்ணை.”

கதிர்காமு கத்தியைத் துடைத்தார். “பிள்ளை வாயிலை வாறது கடவுள் வாயிலை வாறதெண்டு சொன்னது நீங்கள். நான் வேற கோயில். உங்கட கடவுளைத் திருத்த எனக்கேலாது.”

“கடவுளைத் திருத்தச் சொல்லேல்லை. பெயரைத் திருத்தச் சொல்லுறன்,” என்றார் ரீச்சர்.

“சுவாமிக்குக் குடுத்தால் ஒரு வீட்டுக்குப் பங்கில்லையே. அது எந்த வீடு?” என்று கேட்டார் றொபின்சன் மாமா. முதலில் தனக்கு வந்த பங்கில் திருப்தி இல்லாத அவர் மேலும் சொன்னார்: “அப்பிடியெண்டால் முதலாவதிலை இருந்து திருப்பிச் சொல்லட்டும். எல்லாம் புதுசாய்.” தொண்டையைச் செருமித் தயாரானார்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவாமிக்குப் பங்கு போகட்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. பெரிய சனியில் அப்படிச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு சங்கடம் என்பது அந்த மௌனத்தில் கேட்டது.

“சரி,” என்றார் கதிர்காமு. “பிள்ளை, முதலாவதிலை இருந்து. இது ஆருக்கு?”

இருமல் வந்தது. குடை வந்தது.

நிருஜா திரும்பினாள்.

இரண்டு பெருநாளாகப் பங்கு சொல்லியும் அவள் பங்குகளைப் பார்த்ததில்லை. நீலப் படங்கில் ஐந்து குவியல். எது எல்லாரும் இருமிய குவியல் என்று தேடினாள். எல்லாவற்றிலும் ஒரு துண்டு ஈரல், எல்லாவற்றிலும் எலும்பு, எல்லாவற்றிலும் வெள்ளைக் கொழுப்பு. எவ்வளவு பார்த்தும் அவளுக்கு எது என்று தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் சொல்லலாம்.

கதைத்து இழுபட்டதில் வெயில் ஏறிவிட்டது. இப்போது இலையான் உண்மையாகவே வந்திருந்தது. டிலோன் கொப்பைக் கீழே போட்டுவிட்டுப் பெரியவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அவள் போய் அவன் பக்கத்தில் குந்தி, கொப்பை எடுத்து, படங்கின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை எல்லாக் குவியலுக்கும் மேலாக வீசினாள்.

அம்மா வந்து முன்னால் நின்றாள். குனிந்தாள். காலையில் பார்க்கக் கிடைக்காத முகம் இப்போது கிட்ட இருந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“நிரு. அங்காலை திரும்பி நிண்டு சொல்லு. அம்மா கேக்கிறனெல்லே.”

“ஏலாது, அம்மா,” என்றாள் நிருஜா, டிலோனுக்குக்கூடக் கேட்காத குரலில். கொப்பை வீசிக்கொண்டிருந்தாள்.